மூன்றாம் நாள் புழுக்கள்

சசிரேகாவுக்கு அலாரமே தேவையில்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கண் தானாகத் திறந்துகொள்ளும். ஆனாலும் வைப்பாள். அது கத்துவதற்குள் அமுக்கிவிட்டால், அன்றைய பொழுதில் ஒரு காரியமாவது தன் இஷ்டத்துக்கு நடந்தது என்று ஒரு அற்ப சந்தோஷம். பக்கத்துப் பாயில் அவள் புருஷன் தணிகாசலம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். இருங்காட்டுக்கோட்டையில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு எப்போதும் செகண்ட் ஷிப்ட். மதியம் இரண்டுக்குத் தொடங்கி இரவு பத்தரைக்கு முடியும். அவன் வீடு வந்து சேரும்போது இவள் அடித்துப் போட்டாற்போலத் தூங்குவாள். இவள் கிளம்பும்போது அவன் அப்படித் தூங்குவான். வார விடுமுறை அவனுக்குப் புதன், இவளுக்கு ஞாயிறு. புதனன்றும் அவன் ஓவர்டைம் பார்க்கப் போய்விடுவான், ஞாயிறு காலையில் இவள் சந்தைக்குப் போய் வருவதற்குள் அவன் கிளம்பியிருப்பான். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. சண்டை போடவும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே! கவிழ்த்து வைத்த தட்டைப் பார்த்து அவன் சாப்பிட்டுவிட்டுப் போனதை இவள் தெரிந்துகொள்வாள். கேஸ் தீர்ந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை, தண்டலத்தில் நர்சிங் படிக்கும் மகள் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள் என்பதெல்லாம் போனில் வாய்ஸ் மெசேஜாகப் போய் வரும். அவன் அனுப்பியதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே கம்பெனி பஸ்ஸில் இவள் கண்ணயர்ந்துவிடுவாள். பாதி சேதி அப்படியே விட்டுப்போகும்.

வடக்குப்பட்டு நிறுத்தத்துக்கு பஸ் ஐந்தேகாலுக்கு வரும். அவள் நடந்து போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். "இன்னா சசிரேகா, ஈ ஓட்டக் கெளம்பிட்டியா?" என்பாள். மூன்று வருஷமாக அதே கேலி. கிளியம்மாளுக்கு இன்னும் அலுக்கவில்லை. சசிரேகாவுக்கு என்றைக்கோ அலுத்துவிட்டது. ஆனாலும் சிரித்துவைப்பாள், சிரிக்காவிட்டால் கிளியம்மாள் நிறுத்தி விசாரிப்பாள், பஸ் போய்விடும்.

கேலிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் கார் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், கண்ணாடி செய்கிறார்கள். சசிரேகா வேலை பார்க்கும் கம்பெனியில் ஈ செய்கிறார்கள். வீட்டு ஈ இல்லை. பாகல், புடலை, பீர்க்கை, வெள்ளரி எல்லாவற்றிலும் தோலுக்குள் ஊசியைக் குத்தி முட்டை வைத்துக் காயைப் புழுக்காயாக்கிவிடும் பழ ஈ. அதை லட்சக்கணக்கில் வளர்த்து, கூட்டுப்புழுவாக இருக்கும்போதே கதிர்வீச்சு காட்டி, பிள்ளை பெறும் சக்தியை அழித்துத் தோட்டங்களில் பறக்க விடுவார்கள். தோட்டத்துப் பெண் ஈ இந்த மலட்டு ஆணோடு சேர்ந்தால் வைக்கிற முட்டை பொரியாது. அதற்குத் தெரியாமலே அதன் வம்சம் குறையும். மருந்தடிக்காமல் பூச்சியை வைத்தே பூச்சியை ஒழிக்கிற வேலை.

இங்கே வருவதற்கு முன் அவள் மூன்று கம்பெனி பார்த்தாகிவிட்டது. ஒன்று ஒரே நாளில் கேட்டைப் பூட்டியது. இன்னொன்றில் முப்பத்தைந்து வயது தாண்டியவர்களை மெதுவாகக் கழற்றிவிட்டார்கள். நடுவில் ஐந்து வருஷம் காருக்கு வயர் கட்டும் லைனில் நின்றாள். அவள் கையைப் பழக்கியது அந்த லைன்தான். அங்கே பாடம் ஒன்றே ஒன்று. முன்னால் வருவது சரக்கு, பின்தங்குவது ரிஜெக்ட். ரிஜெக்டைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்ட வேண்டும், தொட்டிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஈ கம்பெனியில் அவளுக்குக் கிடைத்தது புழு அறை. அதிலும் தாய்க்கூண்டுக்கான புழு அறை. வெளியே விடுகிற ஈக்கள் வேறு, அடுத்த தலைமுறைக்கு விதையாக வைத்துக்கொள்கிற ஈக்கள் வேறு. அந்த விதை அவள் கையில். கோதுமைத் தவிடு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் பிசைந்து பரப்பிய தட்டில் முட்டையைத் தெளித்தால் ஆறேழு நாளில் புழு முற்றும். முற்றிய புழு உடம்பை வில்லாக வளைத்துத் தட்டை விட்டு வெளியே தாவும். கீழே மணல் பெட்டி. மணலுக்குள் போய்க் கூடாகிவிடும். முதல் நாள் சடசடவென்று பொரி பொரிகிற மாதிரிக் குதிக்கும். இரண்டாம் நாள் அதில் பாதி. மூன்றாம் நாள், நான்காம் நாள் எல்லாம் அங்கொன்று இங்கொன்று.

இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணி வாக்கில் சசிரேகா தட்டைத் தூக்கி அடியில் மிச்சம் இருப்பதைக் கொதிநீர் வாளியில் கவிழ்த்துவிடுவாள். தட்டைத் தேய்த்துக் கழுவி அடுக்கிவிட்டு இரண்டரைக்குக் கை கால் அலம்பினால்தான் இரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க முடியும். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. செய்யாதே என்றும் யாரும் சொல்லவில்லை. எழுதுகிற ஷீட்டிலும் இரண்டு கட்டம்தான் இருந்தது, முதல் நாள், இரண்டாம் நாள், அதற்குப் பிறகு கூட்டுத்தொகை. மூன்றாம் நாளுக்குக் கட்டமே இல்லாதபோது மூன்றாம் நாள் புழுவுக்கு எங்கே இடம்?

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாற வரும் கொம்பையா மட்டும் ஆரம்பத்தில் முனகினான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், முப்பது வயசுக்காரன், செகண்ட் ஷிப்டில் கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறவன்.

"யக்கா, உள்ள இன்னும் நெளியுதுல்லா? ஒரு நா விட்டுத்தான் பாப்பமே."

"பிந்தி வர்றதெல்லாம் சோப்ளாங்கி, தம்பி. அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? வாளிய நவுத்து."

அவன் நகர்த்தினான். அப்புறம் கேட்கவில்லை.

அவள் அறை எப்போதும் சுத்தமாக இருக்கும். அவள் தட்டுகளில் வரும் கூடுகள் ஒரே அளவு, ஒரே நாளில் ஈயாகும். மாதத்துக்கு மாதம் வேகம் கூடியது. சூப்பர்வைசர் சக்திகுமார் விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அவள் அறைக்குத்தான் கூட்டி வருவான். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் கேன்டீனில் அவள் பக்கத்தில் வந்து குனிந்து, "அக்கா, பர்மனென்ட் லிஸ்ட் போயிருக்கு. ஒரே ஒரு சீட்டுதான். உங்க பேருதான். தையில ஆர்டர் வந்துடும்" என்றான்.

நாற்பத்து மூன்று வயதில் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவளைத் தேடி வந்தது. மற்றவர்கள் பர்மனென்ட் என்றதும் என்னென்னவோ நினைப்பார்கள். சசிரேகாவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான், காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளலாம். போன ஆடியில் உடம்பு அனலாகக் கொதிக்க ஐந்து நாள் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். படுத்தால் கான்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பிவிடுவான். ஆறாம் நாள் காய்ச்சல் அதுவாகச் சலித்துப்போய் விட்டுப் போனது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பயமில்லாமல் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. இதைக்கூடப் பேராசை என்று சொல்கிறவர்கள் பத்து நாள் அந்தப் புழு அறையில் நின்று பார்க்கட்டும்.

கார்த்திகையில் சனியன் சாக்குமூட்டை உருவத்தில் வந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து அண்ணாதுரை என்கிற விவசாயி மினி வேனில் வந்து இறங்கி, வரவேற்பறைத் தரையில் ஒரு மூட்டைப் பாகற்காயைக் கொட்டினார். அத்தனையும் பழுத்து, வெடித்து, புழு நெளிகிற காய்.

"ஒரு வருசமா உங்க ஈயத்தான் வுட்டுகினு கீறோம். பக்கத்துக் காட்டுக்காரன் மருந்தடிச்சுத் தப்பிச்சிட்டான். உங்க ஈ எங்க தோட்டத்துல வந்து காத்து வாங்கிட்டுப் போவுது, வேற ஒரு வேலையும் பண்ணல!"

சத்தம் கேட்டு உள்ளிருந்து ஓடி வந்தவள் பிரவீனா. பூச்சியியல் படித்த டாக்டர், கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு முழுக்க அவள் ஒருத்திதான். அவள் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. "இந்தக் காயெல்லாம் நான் வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள். அண்ணாதுரை கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்தக் காய்களிலிருந்து வந்த தோட்டத்து ஈக்களையும் கம்பெனி ஈக்களையும் ஒரே வலைக்குள் விட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பின்பக்கத்துக் காலி நிலத்தில் ஓர் அறை அளவுக்கு வலை கட்டி, தொட்டியில் வளர்த்த பாகல்கொடிகளை உள்ளே வைத்தார்கள். தோட்டத்துப் பெண் ஈ ஐம்பது. தோட்டத்து ஆண் ஐம்பது, முதுகில் வெள்ளைப் புள்ளி. கம்பெனி ஆண் ஐம்பது, முதுகில் நீலப் புள்ளி. எந்தப் பெண் எந்தப் புள்ளியோடு சேருகிறது என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்குப் பொறுமையான கண் வேண்டும் என்று பிரவீனா சசிரேகாவைக் கேட்டாள்.

"எத்தினி மணி வரைக்கும் மேடம்?"

"ஏழு மணி ஆயிடும்க்கா. கார் வெச்சு அனுப்பிடறேன்."

சசிரேகாவுக்கு முழங்கால் ஏற்கனவே விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆர்டர் கைக்கு வரும்வரை எதற்கும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்பது அவள் கணக்கு.

மூன்று வருஷத்தில் அவள் அந்த நேரத்தில் கம்பெனியில் இருந்ததே இல்லை. நாலே முக்காலுக்கு வெயில் இன்னும் மஞ்சளாக இருக்கும்போதே நீலப் புள்ளிக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு இறகை அதிர வைத்து ரீங்காரம் போட்டன. பார்க்கச் சசிரேகாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தன் கையால் வளர்ந்தவை, எவ்வளவு சுறுசுறுப்பு! ஆனால் பெண் ஈக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலையின் மேல்மூலையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தன. ஒரு நீலப்புள்ளி நெருங்கிப் போனது. பெண் ஓர் உதை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தது. அரை மணி, முக்கால் மணி என்று ரீங்காரம் நடந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்து இலைக்கடியில் தலை தொங்க உட்கார்ந்துவிட்டன.

ஐந்தே முக்காலுக்குப் பக்கத்துக் கம்பெனியின் கூரைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. அப்போதுதான் வெள்ளைப் புள்ளிகள் சோம்பல் முறித்தாற்போல எழுந்தன. பெண் ஈக்கள் மூலையை விட்டு இறங்கி வந்தன. அடுத்த அரை மணி நேரத்துக்கு சசிரேகாவால் எண்ணி மாளவில்லை. இருட்டி முடிந்ததும் டார்ச் வெளிச்சத்தில் பிரவீனா தாளைக் கூட்டிப் பார்த்தாள். இருபத்தாறு ஜோடி. அதில் நீலம் இரண்டே இரண்டு.

"இன்னா மேடம் இது? நம்மளுது அவ்ளோ ஆட்டம் போட்டுச்சே!"

"அதாங்க்கா பிரச்சனையே. காட்டு ஈ இருட்டுற நேரத்துலதான் சேரும். நம்ம ஆம்பளைங்க ஒரு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சுடுறாங்க. பொம்பளைங்க கிளம்புறதுக்குள்ள இவங்க களைச்சுப் போறாங்க. ரெண்டு பேரும் ஒரே தோட்டத்துல இருந்தும் சந்திக்கறதே இல்ல."

சசிரேகாவுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. எங்க வூட்டுக் கதை மாதிரியே இருக்குதே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பிரவீனா தொடர்ந்தாள்.

"சீக்கிரமா வளர்ற புழுவுக்கு உடம்புல கடிகாரமே வேகமா ஓடும்க்கா. அது ஈயாகி வந்தா சாயங்காலமும் சீக்கிரமா கிளம்பும். காட்டுல வேகமானது, மெதுவானது, நடுத்தரம்னு எல்லாம் கலந்து இருக்கும். அப்படிக் கலந்து இருந்தாத்தான் எந்தத் தோட்டத்துலயும் பொழைக்கும். இங்க வேகமானதோட பிள்ளை, அதுலயும் வேகமானதோட பிள்ளைன்னு முப்பது முப்பத்தஞ்சு தலைமுறை போயிருக்கு. எல்லாம் ஒரே அச்சா ஆயிடுச்சு. ஆனா யாரு அப்படிப் பொறுக்கினது? அதான் எனக்குப் புரியல. ஒருவேளை செகண்ட் ஷிப்ட்ல லைட்ட நேரத்தோட அணைச்சுட்டாங்களோ என்னவோ. கொம்பையாவக் கேக்கணும்."

சசிரேகா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காரில் ஏறியது முதல் கொதிநீர் வாளி மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றது.

மறுநாள் மதியம் புழு அறையில் இரண்டாம் நாள் தட்டு ஒன்று அவள் முன்னால் இருந்தது. தட்டைத் தூக்கினாள். வாளியின் ஆவி முகத்தில் அடித்தது. கை நின்றுவிட்டது. தட்டைக் கீழே வைத்து, தவிட்டை விரலால் விலக்கிப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. உள்ளே ஏழெட்டுப் புழுக்கள் கிடந்தன. நோஞ்சான் இல்லை, ஊனம் இல்லை, கொழுகொழுவென்று வெண்ணெய் நிறத்தில் நன்றாகத்தான் இருந்தன. அவற்றுக்கு இன்னும் நேரம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முதல் வருஷம் இப்படித் தட்டுக்கு இரண்டு கை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். வாளியில் வெள்ளையாக மிதக்கும். போன வருஷம் ஒரு கை. இப்போது ஏழெட்டு. தன் கை பழகியதால்தான் எல்லாம் ஒரே நாளில் வருகின்றன என்று அவள் நினைத்திருந்தாள். பிந்தி வருவதன் வம்சத்தையே வாளியில் அழித்துவிட்டு, மிச்சம் இருப்பது வேகமாக வருகிறது என்று மார்தட்டியிருக்கிறாள். அதற்குத்தான் அந்தப் பெயர், அந்த லிஸ்ட், அந்த ஆர்டர்.

சொல்லாமல் இருந்தால் என்ன? இந்தக் கேள்வி இரண்டு நாள் அவளை விடவில்லை. தை மாதத்துக்கு ஐம்பது நாள்கூட இல்லை. வாளியை யார் பார்த்தார்கள்? கொம்பையா பார்த்தான், ஆனால் அவனுக்கு இது உறைக்கவில்லை. லைட் அணைத்தாயா என்று கேட்டதற்கு, இல்லை மேடம் என்று மூன்று தடவை சத்தியம் பண்ணிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். பிரவீனா எப்படியும் தோட்டத்து ஈயைக் கொண்டு வந்து புதுசாகத் தொடங்கத்தான் போகிறாள். சசிரேகா வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

சரியாகாது. அதுதான் வினை. புது ஈயின் புழுவும் அதே அறைக்குத்தான் வரும். இரண்டே முக்கால் பஸ்ஸும் அதே பஸ்தான். அவள் இல்லாவிட்டால் இன்னொருத்தி, அவளுக்கும் முழங்கால் வலிக்கும், அவளும் வாளியைத்தான் தேடுவாள். மூன்று வருஷம் கழித்து இன்னோர் அண்ணாதுரை இன்னொரு மூட்டையைக் கொண்டு வந்து கொட்டுவார்.

யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. காலை பஸ்ஸில் போனை எடுத்து தணிகாசலத்துக்குப் பதிவு செய்யப் பொத்தானை அமுக்கினாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. புழு என்றா, வாளி என்றா? விரலை எடுத்துவிட்டாள், அது அப்படியே போய்விட்டது. மதியம் அவனிடமிருந்து பதில் வந்தது. "இன்னா சசி, ஒண்ணியும் பேசாத ஒரு மெசேஜ் வந்துகீது. பஸ் சத்தம் மட்டும் கேக்குது. இன்னாச்சு? சரி, நான் கெளம்பறேன்." அவன் குரலும் களைத்துத்தான் இருந்தது.

அன்று ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு அவள் பிரவீனாவின் அறைக்குப் போனாள். சக்திகுமாரும் அங்கே இருந்தான். இருக்கட்டும், ஒரே தடவையாகப் போகட்டும் என்று நின்றபடியே சொன்னாள்.

"மேடம், கொம்பையா லைட்ட அணைக்கல. நான்தான். ரெண்டாம் நாளு மதியம் மிச்சப் புழுவயெல்லாம் சுடுதண்ணில கொட்டிடுவேன். மூணு வருசமா. மூணாம் நாளு புழுவ நான் ஒரு தபா கூட வெச்சதில்ல."

சக்திகுமார் பாய்ந்து எழுந்தான். "அக்கா, இன்னா பேசறீங்க? லிஸ்ட் மேல போயிருக்கு. வாய மூடிகினு வூட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்!"

"நீ பாத்துக்குவ சார். அந்த ஈ வெளிய போய் இன்னா பண்ணும்? பொழுது சாயறதுக்குள்ளயே களைச்சுப் போயி இலைக்குக் கீழ உக்காந்துக்குது. என் கண்ணால பாத்தேன்."

அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். அழுகை கேட்கவில்லை.

பிரவீனா மேஜையிலிருந்த ஷீட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பினாள். "இத டிசைன் பண்ணது யாரு தெரியுமா? நான். இந்த வேலைக்குச் சேந்த மொதல் வாரம். ரெண்டு நாள் போதும், சிம்பிளா இருக்கட்டும்னு நினைச்சேன். மூணாம் நாளுக்கு நான் ஒரு கட்டம் போட்டிருந்தா நீங்க கொட்டியிருக்க மாட்டீங்க. தப்பு உங்க கையில நடந்துச்சு, ஆனா அது என் பேனாவுல ஆரம்பிச்சது." அதை அப்படியே எழுதி மேலிடத்துக்கு அனுப்பவும் செய்தாள். அந்த வகையில் நல்ல மனுஷி.

நல்ல மனுஷி எழுதிய கடிதத்தால் லிஸ்ட் பிழைத்துவிடுமா? தாய்க்கூண்டையே அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தபிறகு, அந்தக் கூண்டின் விளைச்சலுக்காகப் போன பெயர் மட்டும் எப்படி நிற்கும்? இந்த வருஷம் யாருக்கும் பர்மனென்ட் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதுவரைக்கும் பாக்கியம். சக்திகுமார் ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தோட்டத்து ஈக்கள் வந்தன. உத்திரமேரூரிலிருந்து கொஞ்சம், வாலாஜாபாத்திலிருந்து கொஞ்சம், செய்யாற்றங்கரைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் என்று வேறு வேறு ஊர்க் காய்களிலிருந்து கலந்து எடுத்தார்கள். அவை படுத்தின பாடு சொல்லி மாளாது. பழைய ஈ பிளாஸ்டிக் பாட்டிலின் துளையில் பொலபொலவென்று முட்டை வைக்கும். இவை பாட்டிலைப் பார்த்ததும் கூண்டின் எதிர்மூலைக்கு ஓடின. பூசணித் துண்டு வைத்துக் கெஞ்சினால் நாலு முட்டை. புழு நாலாம் நாளும் குதித்தது, ஐந்தாம் நாளும் குதித்தது. ஷீட்டில் இப்போது ஆறு கட்டம். ஒவ்வொரு நாள் புழுவிலிருந்தும் பங்கு எடுத்து அடுத்த தலைமுறைக்கு வைக்க வேண்டும், கடைசிப் புழு வெளியே வரும்வரை தட்டைத் தொடக் கூடாது என்று பிரவீனா எழுதி ஒட்டினாள். வாளியை அந்த அறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அறையில் விளைச்சல் பாதாளத்துக்குப் போயிற்று. விருந்தாளிகளை சக்திகுமார் இப்போது வேறு பக்கமாகக் கூட்டிப் போனான்.

பொழுது சாயும் நேரத்தில் கூண்டைக் கவனித்து எழுத ஓர் ஆள் வேண்டும் என்று வந்தது. சக்திகுமார் யோசிக்கவே இல்லை. "சசிரேகாக்காவ செகண்ட் ஷிப்டுக்குப் போட்டுடறேன். கொம்பையா காலைக்கு வரட்டும்." தண்டனையாகத்தான் சொன்னான், முகத்திலேயே தெரிந்தது. கொம்பையா சங்கடத்தோடு, "யக்கா, நா வேணும்னு கேக்கல பாத்துக்கிடுங்க" என்றான். "போவுது வுடு தம்பி" என்றாள். எந்த நேரமாக இருந்தால் என்ன, நிற்க வேண்டியது அதே கால்தானே.

திங்கள்கிழமை. அலாரம் வைக்கவில்லை. ஆனாலும் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கண் திறந்துகொண்டது. எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் படுத்திருந்தாள். ஐந்தேகாலுக்குத் தெருமுனையில் பஸ் நின்று போகிற சத்தம் கேட்டது. தணிகாசலம் லேசாகக் குறட்டை விட்டான். நரைத்த முடி காதுக்குப் பின்னால் இவ்வளவு ஏறியிருப்பதை அவள் வெளிச்சத்தில் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இளைத்திருக்கிறான்.

எட்டு மணிக்குக் கண் விழித்தவன் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டு உட்கார்ந்தான்.

"இன்னா சசி? வேலய வுட்டுத் தூக்கிட்டானுங்களா?"

"இல்ல. இனிமே செகண்ட் ஷிப்டு. உன்ன மாதிரிதான்."

"பர்மனென்ட்டு?"

"இல்லாத போச்சு."

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "சரி வுடு. இன்னாத்துக்குப் போச்சு?"

சொன்னாள். வாளியிலிருந்து ஆரம்பித்து, நீலப் புள்ளி, வெள்ளைப் புள்ளி, இரண்டே ஜோடி, சக்திகுமார் எகிறியது வரை எல்லாம். பேசிப் பழக்கம் விட்டுப்போனதால் நடுநடுவே முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், "அப்ப நீ சொல்லாத இருந்திருந்தா ஆர்டர் வந்திருக்கும்" என்றான்.

"வந்திருக்கும்."

"ம்" என்றான். கோபம் இல்லை, மெச்சுதலும் இல்லை.

அவள் எழுந்து போய் டீ போட்டாள். அவனுக்குப் பிடித்த மாதிரி, தூள் தூக்கலாக, மூன்று கரண்டி சர்க்கரை. கல்யாணமான புதிதில் இரண்டு கரண்டி போட்டால் முகத்தைச் சுளிப்பான். தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாக, மிச்சம் வைக்காமல், அடிவரைக்கும் குடித்தான். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கம்பெனிப் பையை இழுத்து, அதிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"இன்னா மாத்திர அது?"

"சக்கரைக்கு."

"சக்கரையா? யாருக்கு? எப்பத்துலேந்து?"

"ஆறு மாசமா கீது. கம்பெனி செக்கப்புல சொன்னாங்க. உனுக்கு மெசேஜ் கூடப் போட்டேனே."

பஸ்ஸில் தூங்கிப்போய் விட்ட பாதி சேதிகளில் அது எது என்று அவளுக்கு நினைவில்லை. "அப்ப டீயில சக்கர?"

"போடறதில்ல."

"போட்டுட்டேனே! சொல்றதுக்கு இன்னா? ஒரு வாய் குடிச்சப்பவே சொல்லி இருக்கலாம்ல?"

"நீ டீ போட்டுக் குட்த்து எத்தினி நாளாவுது" என்றான் தணிகாசலம். "அதான் குடிச்சிட்டேன்."

அவள் காலித் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பாயிலேயே உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். இரண்டு பேருமே ஒரு மணிக்குத்தான் கிளம்ப வேண்டும்.